கூரை விலகினால் பாட்டு எங்கே போகிறது?

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் துணிக்கூரையைத் திறக்க மோட்டார் தேவையில்லை. முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் கொக்கியை விடுவித்து, இருக்கையை விட்டு எழாமலே ஒரு கையால் பின்னுக்குத் தள்ளினால் சில நொடிகளில் வானம் தெரியும். இரண்டே இருக்கை, நான்கு மீட்டருக்கும் குறைவான நீளம். 1989-ல் அறிமுகமாகி, 2016-ல் பத்து லட்சமாவது வண்டியைத் தொட்ட கார் இது. இதை வாங்குகிறவர் அந்த வானத்துக்காகத்தான் வாங்குகிறார்.

கூரை பின்னால் மடங்கும் அதே நொடியில் இன்னொன்றும் நடக்கிறது. ஓடிக்கொண்டிருந்த பாட்டில் பேஸ் கிதார் கரைந்துபோகிறது. டிரம்ஸின் ‘தொம்’ என்ற அடி ‘டப்’ என்று சப்பையாகிறது. வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போது பாடகரின் குரலில் பாதி காற்றோடு போய்விடுகிறது. ஒலியைக் கூட்டினால் குரல் காதைக் கீறுகிறதே தவிர, போன பேஸ் திரும்புவதில்லை. அடுத்த வாரம் உரிமையாளர் கார் ஆக்சஸரீஸ் கடைக்குப் போய், பெட்டியில் மிகப் பெரிய வாட் எண் அச்சிட்ட ஸ்பீக்கரை வாங்கி மாட்டுகிறார். பெரும்பாலும் அதுவும் கைகொடுப்பதில்லை.

ஸ்பீக்கரில் குறை இல்லாதபோதும் இப்படி நடக்கும். மூடிய காரில் ஸ்பீக்கரோடு சேர்ந்து கூரையும் வேலை செய்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டாளி விலகியதும் முழுச் சுமையும் ஸ்பீக்கரின் தலையில் விழுகிறது. ஆகவே திறந்த காருக்கு ஸ்பீக்கர் தேடுகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, கூரை இதுவரை என்னென்ன வேலை செய்துவந்தது என்பதைத்தான்.

பம்பின் வாயில் வைத்த விரல்

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் பயணிக்கிறது. 40 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒரு தாழ்ந்த ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். இரண்டு, மூன்று மீட்டர் நீளமே உள்ள காரின் உட்புறத்தில் அப்படி ஓர் அலை நீட்டி நிமிர இடமே இல்லை. அதனால் அங்கே நடப்பது வேறு. ஸ்பீக்கரின் கோன் முன்னே நகரும்போது உள்ளிருக்கும் காற்று மொத்தமும் ஒரே சமயத்தில் அழுந்துகிறது. கோன் பின்னே போகும்போது மொத்தமும் தளர்கிறது.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை அழுத்திப் பார்த்தவருக்கு இது எளிதில் விளங்கும். சிறிய அசைவுக்கே விரலில் பெரிய அழுத்தம் தெரியும். விரலை எடுத்துவிட்டால் அதே அசைவில் காற்று ‘புஸ்’ஸென்று வெளியேறிவிடும். காரின் கூரைதான் அந்த விரல்.

கார் ஒலியமைப்புத் தொழிலில் இதற்கு ‘கேபின் கெயின்’ என்று பெயர். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 12 டெசிபல் வரை கூடுதல் ஒலி கிடைக்கும் என்கிறது கணக்கு. கதவிடுக்கு, காற்றுத் துவாரம் வழியாக அழுத்தம் கசிவதால் நடைமுறையில் அது சற்றுக் குறையும். அப்படியும், சிறிய ஸ்பீக்கர் கூடச் சாதாரணக் காருக்குள் பெரிதாக முழங்குவதற்கு இந்த இலவச உதவியே காரணம்.

கூரை போனால் இந்த உதவி ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விடுகிறது. நடு ஒலிகளுக்கும் உச்ச ஒலிகளுக்கும் வேறு வகையில் இழப்பு. மூடிய காரில் அவை கூரையிலும் பின்கண்ணாடியிலும் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும். திறந்த காரில் மேல்நோக்கிப் போன ஒலி போனதுதான். வெட்டவெளியில் தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு தடவையும் ஒலி 6 டெசிபல் குறையும் என்ற விதி இங்கே தன் முழுக் கணக்கையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

சாமி புறப்பாட்டில் நாகசுரமும் தவிலும் முன்னே போவதையும், வீணைக் கச்சேரி கூடத்துக்குள் நடப்பதையும் பார்த்து வளர்ந்த காதுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. சுவர்களின் துணையில்லாமல் தெருவை நிறைக்கும் கருவி ஒரு வகை. சுவர்களுக்குள் நுணுக்கம் காட்டும் கருவி இன்னொரு வகை. கடைகளில் கிடைக்கும் கார் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகையாகவே இருப்பதற்கு வரலாறும் ஒரு காரணம். பால் கால்வின் 1930-ல் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கியபோதே அமெரிக்கச் சாலைகளில் மூடிய கார்கள் பெருகிவிட்டன. 1983-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸும் போஸ் நிறுவனமும் சேர்ந்து, குறிப்பிட்ட ஒரு காரின் உட்புறத்துக்கென்றே அளந்து ஒலியமைப்பை உருவாக்கின. கார் ஒலி என்ற கலை வளர்ந்ததே கூரைக்குக் கீழேதான்.

காற்று போடும் திரை

இழப்பு ஒரு பக்கம். புதிதாக வந்து சேரும் இரைச்சல் மறுபக்கம்.

முன்கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டும் காற்று, அங்கே பிய்த்துக்கொண்டு சுழல்களாக உருண்டு இருக்கைகளின் பின்னால் விழுகிறது. அந்தச் சுழல்கள் ஹெட்ரெஸ்டிலும் கண்ணாடி விளிம்பிலும் காது மடலிலும் மோதி ஒலியாகின்றன. காற்றோட்டம் எப்படி ஒலியைப் பிறப்பிக்கிறது என்பதற்கு 1952-ல் ஜேம்ஸ் லைட்ஹில் கணித வடிவம் கொடுத்தார். திடப்பொருளின் மேல் காற்று மோதும்போது பிறக்கும் ஒலிக்கு அந்தக் கணக்கை 1955-ல் கர்ல் விரித்தார். அதன்படி இத்தகைய ஒலியின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் வேகம் இரண்டு மடங்கு. ஒலியாற்றல் 64 மடங்கு. டெசிபலில் சொன்னால் 18 கூடுதல். நகரத் தெருவில் இனிமையாக இருந்த பாட்டு நெடுஞ்சாலையில் காணாமல் போவது இதனால்தான்.

இந்த இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த ஒலியாக இருப்பது இன்னும் சங்கடம். ஓர் ஒலி மற்றொன்றைக் காதுக்குள் எப்படி மறைக்கிறது என்பதை வெகல், லேன் என்ற இரு ஆய்வாளர்கள் 1924-லேயே அளந்து காட்டினார்கள். தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள உயர்ந்த ஒலிகளை எளிதாக மறைத்துவிடும். உயர்ந்த ஒலியால் தாழ்ந்ததை அவ்வளவு மறைக்க முடியாது. ஆக, காற்றின் உறுமல் முதலில் பேஸை விழுங்குகிறது, பிறகு பாடகரின் குரலின் அடிப்பகுதி வரை கை நீட்டுகிறது.

பேஸ் ஏற்கெனவே நலிந்த நிலையில் இருப்பது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-ல் வெளியிட்ட வரைபடங்கள், மனிதக் காது தாழ்ந்த ஒலிகளுக்கு எவ்வளவு மந்தம் என்பதைக் காட்டின. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறதோ, அதே அளவு உரப்பு 50 ஹெர்ட்ஸில் கிடைக்க 70 டெசிபலுக்கும் மேல் வேண்டும். கூரையின் உதவி போய், காற்றின் திரை விழுந்து, காதின் மந்தமும் சேரும்போது மூன்று அடிகளும் பேஸின் மேலேயே விழுகின்றன.

வாட்டைப் பார்க்காமல் எதைப் பார்ப்பது?

பெட்டியின் முகப்பில் ‘500 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது பெரும்பாலும் உச்ச அளவு. கண நேரத்துக்குக் கருகாமல் தாங்கும் எல்லை. தொடர்ந்து தாங்கும் ஆர்எம்எஸ் அளவு பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டுமே ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதைச் சொல்வதில்லை.

அதைச் சொல்லும் எண்ணின் பெயர் சென்சிடிவிட்டி, அதாவது உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அது. 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் மின்திறனை இரட்டிப்பாக்க வேண்டும். எனவே 92 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்டில் தரும் ஒலியை, 86 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்டில்தான் எட்டும். திறந்த காருக்கு இந்த எண்தான் முதல் சல்லடை. ஊர்த் திருவிழாவில் பனைமரத்தில் கட்டிய கூம்புக் குழாய் சில பத்து வாட்டில் பக்கத்து ஊருக்குக் கேட்பதன் இரகசியமும் மிக உயர்ந்த இந்த உணர்திறன்தான்.

எண்ணைப் படிக்கும்போது ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். சில நிறுவனங்கள் ‘ஒரு வாட்’ என்று எழுதாமல் ‘2.83 வோல்ட்’ என்று எழுதும். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது ஒரு வாட். காரில் வழக்கமான 4 ஓம் ஸ்பீக்கரில் அதுவே இரண்டு வாட். அப்படி அளந்த எண்ணிலிருந்து 3 டெசிபலைக் கழித்துவிட்டு ஒப்பிடுவதுதான் நியாயம்.

டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவின் முகத்தில் ‘50 வாட் × 4’ என்று எழுதியிருப்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓடும் வண்டியில் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். அந்த மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று எதுவும் இல்லாத ஸ்டீரியோ, 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் கொடுக்கக்கூடிய அதிகபட்சம் ஏறத்தாழ 26 வாட். இழப்புகள் போக, நடைமுறையில் 20 வாட்டை ஒட்டியே நிற்கும். மூடிய காருக்கு இது போதும். கூரை திறந்து நெடுஞ்சாலையில் போகிறவருக்குத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபையர் தேவைப்படுவது இதனால்தான். ஒரு கதவுக்கு நேர்மையான 75 முதல் 100 வாட் ஆர்எம்எஸ் இருந்தால் டிரம்ஸின் திடீர் அடிகள் நசுங்காமல் வரும்.

எல்லாம் ஒரே ஸ்பீக்கரில் கிடைத்துவிடாது. கேஎல்எச் என்ற அமெரிக்க ஒலிபெருக்கி நிறுவனத்தின் பெயரில் வரும் ‘எச்’ ஹாஃப்மன் என்ற பொறியாளரைக் குறிக்கிறது. உயர்ந்த உணர்திறன், ஆழ்ந்த பேஸ், சிறிய பெட்டி ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டைத்தான் ஒருவர் பெற முடியும் என்பது அவர் பெயரால் வழங்கும் இரும்பு விதி. கன்வெர்ட்டிபிளில் பெரிய பெட்டிக்கு இடமில்லை. உணர்திறனை விட்டால் காற்று வென்றுவிடும். மிஞ்சுவது மிக ஆழ்ந்த பேஸ். அதைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

பேஸில் எதை விடுவது, எதைப் பிடிப்பது

இந்த விட்டுக்கொடுத்தல் பயப்படும் அளவுக்கு இல்லை. வெட்டவெளியில் ஒரே அளவு ஒலியோடு அதிர்வெண்ணைப் பாதியாக்க, ஸ்பீக்கர் தள்ள வேண்டிய காற்றின் அளவு நான்கு மடங்காக வேண்டும். 80 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறங்க நான்கு மடங்கு. 20-க்கு இறங்கப் பதினாறு மடங்கு. ஓர் எட்டு அங்குல வூஃபர் 30 ஹெர்ட்ஸில் போராடிச் சேர்க்கும் ஒலியைக் காற்றின் உறுமல் எப்படியும் மூடிவிடும். அதே உழைப்பை 60 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் செலவிட்டால் டிரம்ஸின் அடியும் பேஸ் கிதாரின் உடலும் ஆண் குரலின் கனமும் திரும்பக் கிடைக்கும். ஒலியமைப்பாளர்கள் ‘மிட்பேஸ்’ என்று சொல்லும் பகுதி இது. திறந்த காரின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

சப்வூஃபர் பெட்டி பற்றிய வழக்கமான அறிவுரையும் இங்கே தலைகீழாகிறது. முழுதும் அடைத்த பெட்டியில் வைத்த வூஃபரின் ஒலி, தாழ்ந்த பகுதியில் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 12 டெசிபல் வீதம் சரியும். மூடிய காரின் கேபின் கெயின் அதே வீதத்தில் ஏறும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் செடான் கார்களுக்கு அடைத்த பெட்டி பொருத்தமாக அமைகிறது. திறந்த காரில் ஏறும் பாதி இல்லை. சரியும் பாதி மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே 45, 50 ஹெர்ட்ஸை ஒட்டி இசைவித்த துளைப்பெட்டி, அதே வூஃபரிலிருந்து அந்தப் பகுதியில் கூடுதல் ஒலியைக் கறக்கும். கூரையை மூடிய பிறகு அது மிகையாக முழங்கும் என்பதால், மூடிய நிலைக்கெனத் தனியாக ஒரு சமன் அமைப்பும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். கன்வெர்ட்டிபிள்களில் டிக்கிக்கும் இருக்கைகளுக்கும் நடுவே பெரும்பாலும் இரும்புத் தகடு இருக்கும். மடங்கிய கூரையும் அங்கேதான் வந்து படுக்கும். டிக்கிக்குள் வைத்த சப்வூஃபர் டிக்கியைத்தான் அதிர வைக்கும். பின்சுவரில் நீளமான பொருட்களை நுழைக்கும் வழி இருந்தால் அதன் வாயில் வூஃபரைப் பொருத்தலாம். இல்லையேல் இருக்கைக்கு அடியிலோ, பக்கத்து இருக்கைக்காரரின் கால்களுக்கு முன்னாலோ ஒரு தட்டைப் பெட்டியை வைக்கலாம். மெர்சிடிஸ் பென்ஸ் 2012-ல் கொண்டுவந்த எஸ்எல் காரில் இந்தச் சிக்கலுக்கு அழகான விடை ஒன்று இருந்தது. கால் வைக்கும் பகுதிக்கு முன்னால், காரின் அலுமினிய உடற்கட்டுக்குள் இயல்பாகவே இருந்த வெற்றிடங்களை வூஃபர்களின் பெட்டியாக ஆக்கிக்கொண்டார்கள். ‘ஃப்ரண்ட்பேஸ்’ என்று பெயரிட்ட அந்த ஏற்பாட்டால் பேஸ் முன்னாலிருந்து, கேட்பவரின் காலடியிலிருந்தே எழுந்தது. கதவிலும் இடம் மிச்சமானது.

கதவே பெட்டி

ஸ்பீக்கர் வாங்கும் பணத்தில் ஒரு பங்கைக் கதவுக்கு ஒதுக்குகிறவர் ஏமாறமாட்டார்.

கோன் முன்னால் காற்றை அழுத்தும் அதே நொடியில் பின்னால் காற்றை இழுக்கிறது. கதவின் உள்தகட்டில் தயாரிப்பாளர் விட்டிருக்கும் பெரிய துளைகள் வழியாகப் பின்பக்க ஒலி சுற்றிவந்து முன்பக்க ஒலியோடு மோதினால், தாழ்ந்த ஒலிகளில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மூடிய காரில் கேபின் கெயின் இந்தக் குறையை ஓரளவு பூசி மறைக்கும். திறந்த காரில் பூச ஆளில்லை.

மருந்து எளியது. ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் வெளித்தகட்டில் பியூட்டைல் ரப்பரும் அலுமினியமும் சேர்ந்த டேம்பிங் ஷீட்டை ஒட்டி, தகட்டின் அதிர்வை அடக்க வேண்டும். உள்தகட்டின் பெரிய துளைகளைக் கெட்டியான தகடு வைத்து மூட வேண்டும். ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் இடையே நுரை வளையம் வைத்து இடுக்கை அடைக்க வேண்டும். ஒன்றை மட்டும் மூடக் கூடாது: கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவுக்குள்தான் ஓடி அந்தத் துளைகளில் வடிகிறது. அவற்றை அடைத்தால் கதவு துருப்பிடிக்கும், ஸ்பீக்கர் தண்ணீரில் நிற்கும்.

வாங்குவதற்கு முன் ஆழத்தை அளப்பதும் கதவில்தான். கண்ணாடியை முழுவதுமாக இறக்கிவிட்டு அளக்க வேண்டும். திறந்த காரில் கண்ணாடி பாதி நேரம் கதவுக்குள்தானே இருக்கப்போகிறது. ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடியில் இடிக்குமென்றால், நியோடிமியக் காந்தம் வைத்த மெல்லிய ஸ்பீக்கர் உதவும். ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் சுமிட்டோமோவும் 1980களின் தொடக்கத்தில் தனித்தனியே கண்டறிந்த இந்தக் காந்தம், ஃபெரைட் காந்தத்தின் வேலையைச் சிறு துண்டிலேயே செய்துவிடும்.

காதுக்கு நேரே, காதுக்கு அருகே

ஆறரை அங்குல ஸ்பீக்கரின் கோன் உண்மையில் அசையும் பரப்பு சுமார் 13 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. ஒலியின் அலைநீளம் அதைவிடச் சிறியதாகும் இடத்தில், அதாவது ஏறத்தாழ 2600 ஹெர்ட்ஸுக்கு மேல், ஒலி டார்ச் வெளிச்சம்போல் ஒரே திசையில் குவியத் தொடங்கும். கதவின் அடியில் இருக்கும் ஸ்பீக்கர் முழங்காலைப் பார்த்து நிற்கிறது. பாடகரின் ‘ச’, ‘த’, ‘க’ போன்ற மெய்யொலிகளின் கூர்மை உயர்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. அது ஓட்டுநரின் முழங்காலோடு நின்றுவிடும். மூடிய காரில் கூரையில் பட்டாவது கொஞ்சம் வந்து சேரும்.

எனவே வூஃபரும் உச்ச ஒலிகளுக்கான ட்வீட்டரும் ஒன்றாக இணைந்த கோஆக்சியல் வகையைவிட, இரண்டும் தனித்தனியாக வரும் காம்பொனென்ட் வகை திறந்த காருக்கு நல்லது. ட்வீட்டரை முன்கண்ணாடித் தூணிலோ கண்ணாடியின் முக்கோண மூலையிலோ வைத்து, காதை நோக்கித் திருப்பிவிடலாம்.

தூரத்தைக் குறைப்பது இன்னும் பலமான வழி. ஒரு மீட்டரில் இருக்கும் ஒலிமூலம் 15 சென்டிமீட்டருக்கு வந்தால், வெட்டவெளிக் கணக்குப்படி 16 டெசிபலுக்கும் மேல் லாபம். மின்திறனில் அது 40 மடங்குக்கு மேல். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரிலேயே ஹெட்ரெஸ்டுக்குள் ஸ்பீக்கர் வைத்த வசதி கிடைத்தது. இப்போதைய தலைமுறையின் போஸ் அமைப்பில் மொத்தம் ஒன்பது ஸ்பீக்கர்கள். அவற்றில் நான்கு ஹெட்ரெஸ்டுகளில், காதுக்கு ஒன்றாக இருக்கின்றன. காற்று எவ்வளவு இரைந்தாலும் குரல் காதருகே பேசுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு இடங்களிலிருந்து ஒரே ஒலி வந்தால், எது முதலில் வந்ததோ அந்தத் திசையிலிருந்தே மொத்த ஒலியும் வருவதாக மூளை முடிவுசெய்கிறது. ஹெல்முட் ஹாஸ் 1949-ல் விரிவாக ஆராய்ந்து எழுதிய விளைவு இது. ஹெட்ரெஸ்ட் ஒலி முதலில் வருவதால் பாடகர் பின்மண்டையில் நின்று பாடுவதுபோல் தோன்றும். ஒலி ஒரு மில்லி நொடியில் 34 சென்டிமீட்டர் போகிறது. ஆகவே டிஜிட்டல் ஒலிச் செயலி மூலம் ஹெட்ரெஸ்ட் ஒலியைச் சில மில்லி நொடிகள் தாமதிக்கச் செய்தால், முன்பக்க ஒலி முந்திக்கொள்ளும். பாடகர் மறுபடி டேஷ்போர்டுக்கு மேலே போய் நிற்பார். ஹெட்ரெஸ்டின் தெளிவு மட்டும் காதில் மிஞ்சும். ஹெட்ரெஸ்ட் ஸ்பீக்கர் வாங்குகிறவர் அதன் தாமதத்தைத் தனியாக அமைக்க முடியுமா என்று கேட்டு வாங்குவது முக்கியம்.

கதவே கழற்றி வைக்கக்கூடிய ஜீப் ராங்லர் போன்ற வண்டிகளில் வேறு விடை தேவைப்பட்டது. தலைக்கு மேலே ஓடும் இரும்புச் சட்டத்தில் ஸ்பீக்கர்களைப் பொருத்தினார்கள். இந்தியாவில் 2020-ல் வந்த மஹிந்திரா தார் காரிலும் ஸ்பீக்கர்கள் மேலே ஏறியிருக்கின்றன.

மழையும் வெயிலும்

சாதாரணக் கார் ஸ்பீக்கர் வெயிலை நேராகப் பார்ப்பதில்லை. கன்வெர்ட்டிபிளின் ஸ்பீக்கர் தினமும் பார்க்கும். கோனின் விளிம்பில் இருக்கும் நுரை வளையம் புற ஊதாக் கதிரிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். ரப்பர் வளையம் நீடிக்கும். பூச்சில்லாத காகிதக் கோன் ஈரத்தை உறிஞ்சிக் கனக்கும். பாலிபுரோப்பிலீன் கோன் தாங்கும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். சாதாரண ரக நியோடிமியக் காந்தங்களுக்கு 80 டிகிரியை ஒட்டியே எல்லை. எனவே டேஷ்போர்டின் மேல் வைக்கும் ட்வீட்டருக்கு வெப்பம் தாங்கும் ரகம் வேண்டும்.

படகுகளுக்கென்று செய்த மெரைன் ஸ்பீக்கரே தேவையா? ஐபி என்ற குறியீட்டைப் படித்தால் முடிவெடுக்கலாம். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசி இலக்கம் 6 என்றால் தூசி புகவே புகாது. தண்ணீர் இலக்கம் 5 என்றால் குழாய்த் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். மழை வந்தால் கூரையை மூடிவிடும் எம்எக்ஸ்-5 உரிமையாளருக்குப் பாலிபுரோப்பிலீன் கோனும் ரப்பர் வளையமும் போதும். சேற்றில் இறங்கி, பிறகு உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவப்படும் ஜீப்புக்கும், உப்புக்காற்று வீசும் கடற்கரைச் சாலையில் தினமும் திறந்தே ஓடும் வண்டிக்கும் மெரைன் ஸ்பீக்கரின் விலை நியாயமானது.

இரண்டு கார்களுக்கு இரண்டு அமைப்பு

பொருத்தி முடித்ததும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. கூரை மூடிய எம்எக்ஸ்-5 ஒரு கார். திறந்தது ஒலியைப் பொறுத்தவரை வேறொரு கார். ஒலிச் செயலியில் இரண்டுக்கும் தனித்தனி அமைப்பைச் சேமிக்க வேண்டும். கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு தடுப்பு வைத்து, அதற்குக் கீழ்ப்பட்டதை சப்வூஃபரிடம் ஒப்படைத்தால், கதவின் கோன் வீணாகத் துள்ளாமல் மிட்பேஸில் முழு பலத்தையும் காட்டும். திறந்த நிலை அமைப்பில் 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை சில டெசிபல் ஏற்றுவதும், குரலின் தெளிவு வாழும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றே தூக்குவதும் நல்ல தொடக்கம். 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு மின்திறன் செலவாகும் என்பதை நினைவில் வைத்து அளவாக ஏற்ற வேண்டும். இந்த வேலையை நின்ற வண்டியில் முடித்துவிட முடியாது. பக்கத்தில் அமர்ந்தவர் கையில் செயலியின் கட்டுப்பாட்டைக் கொடுத்து, தாம் போய்வரும் சாலையில், வழக்கமான வேகத்தில் போய்க்கொண்டே சரிபார்ப்பதுதான் முறை. உள்ளே மைக் வைத்து இரைச்சலை அளந்து தானே ஒலியைச் சரிசெய்யும் போஸ் நிறுவனத்தின் ஆடியோபைலட் போன்ற அமைப்புகள் செய்வதும் இதன் தொடர்ச்சியே.

இவ்வளவும் செய்வது ஒலியைக் கண்டபடி கூட்டுவதற்காக அல்ல, கூட்டாமலே கேட்பதற்காக. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் வகுத்த எல்லைப்படி, 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 91 டெசிபலில் இரண்டு மணி நேரம், 100 டெசிபலில் கால் மணி நேரம். பிரிட்டன் மருத்துவர்கள் கூரை திறந்த கார்களில் மணிக்கு 80 முதல் 110 கிலோமீட்டர் வேகங்களில் அளந்து, 2009-ல் வெளியிட்ட ஆய்வில் காற்றிரைச்சலே 88 முதல் 90 டெசிபல் வரை இருந்தது. அதற்கு மேல் பாட்டும் கேட்க வேண்டுமென்று ஒலியை ஏற்றுகிறவர் மீதமிருக்கும் நேரத்தையும் செலவழிக்கிறார். இழந்த செவித்திறனை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

ஆகவே புதிய ஸ்பீக்கருக்கு விலை விசாரிக்கும் முன்பே, செலவில்லாத ஒரு சோதனையைச் செய்துபார்க்கலாம். நெடுஞ்சாலையில் கூரை திறந்தபடியே இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மேலே ஏற்ற வேண்டும். இருக்கைகளுக்குப் பின்னால் காற்றுத் தடுப்பு வலை இருந்தால் அதையும் நிமிர்த்த வேண்டும். பின்னாலிருந்து சுழன்று வந்து கழுத்தில் அடிக்கும் காற்று அடங்கும், உறுமல் தணியும். அப்போது ஒலிக் குமிழை இரண்டு கட்டம் குறைத்துக்கொண்டு, அதே பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டுக் கேட்க வேண்டும். அந்த நிலையிலும் பாட்டில் எது காணாமல் போயிருக்கிறதோ, டிரம்ஸின் அடியா, குரலின் தெளிவா, அதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகலாம். அடி இல்லையென்றால் கதவும் வூஃபரும். தெளிவு இல்லையென்றால் ட்வீட்டரும் ஹெட்ரெஸ்டும்.